வீட்டு வாசலிலேயே எல்லை: போக்கிமான் ஹார்ட்கோல்ட் மறுபடி விளையாடுகிறவர்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மழைக்காலத்தில் அக்கா மகளோடு உட்கார்ந்து போக்கிமான் ஹார்ட்கோல்டை முதலிலிருந்து விளையாடினேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து வந்த அத்தை பையன் கொடுத்துவிட்டுப் போன அதே டிஎஸ்தான், நிண்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவி. விஷயம் தெரிந்ததும் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் என்னோடு படித்தவர்களில் ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் அப்பா அம்மாக்கள் வரைக்கும் நிறையப் பேர் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன ஆட்டம்? எதனுடைய மறு ஆக்கம்?

போக்கிமான் வரிசையின் முதல் ஆட்டங்களான ரெட், கிரீன் இரண்டும் ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வந்தன. சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்தச் சந்தோஷத்தை ஆட்டமாக்க நினைத்ததில் பிறந்தது அது. விதவிதமான உயிர்களைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறையாக கோல்ட், சில்வர் இரண்டும் 1999 நவம்பரில் வந்தன. முதலில் இருந்த 151 உயிர்களோடு இன்னும் 100 சேர்ந்து 251 ஆனது. பத்து வருஷம் கழித்து, 2009 செப்டம்பரில், அந்த கோல்டையும் சில்வரையும் கேம் ஃப்ரீக் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்காக மறுபடி செய்தது. அவைதான் ஹார்ட்கோல்டும் சோல்சில்வரும். ஆங்கிலத்தில் 2010 மார்ச்சில் வந்தன.

இத்தனை போக்கிமான் ஆட்டங்கள் இருக்கும்போது ஏன் இதை மட்டும் திரும்ப விளையாடுகிறாய்?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் நீளம்.

கதை நியூ பார்க் என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. ஜோட்டோ என்ற நிலப்பகுதியின் கிழக்குக் கோடியில் இருக்கிற ஊர். ஊருக்குக் கிழக்கே தண்ணீர்தான். அதைக் கடக்க வழி இல்லாததால் நீங்கள் மேற்கே நடக்கிறீர்கள். எட்டு ஊர்களில் ஜிம் என்ற சண்டைக் கூடங்களின் எட்டுத் தலைவர்களைத் தோற்கடித்து, கோபுரம், கலங்கரை விளக்கம், பனிக்குகை எல்லாம் பார்த்து, மாநிலத்தையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்தபின் எங்கே போகச் சொல்கிறார்கள் என்றால், உங்கள் வீட்டுக்கே. இப்போது உங்களிடம் நீந்தத் தெரிந்த ஒரு போக்கிமான் இருக்கிறது. வாசலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தண்ணீரில் இறங்கிப் போகிறீர்கள். கரை ஏறிக் கொஞ்ச தூரத்தில் ஒருவர் உங்களை நிறுத்தி, இப்போதுதான் கான்டோ மண்ணில் முதல் அடி வைத்தாய், தெரியுமா என்று கேட்பார். கான்டோ என்பது 1996 ஆட்டத்தின் நிலம். அதன் பிறகு வரும் அருவிக்குப் பெயர் டோஜோ. கான்டோவின் 'டோ'வும் ஜோட்டோவின் 'ஜோ'வும் சேர்ந்த பெயர்.

முதல்முறை விளையாடியபோது எனக்குப் பதிமூன்று வயது. தமிழ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பேருந்துப் பலகையை மலையாளத்தில் படிப்போம், வீட்டில் தமிழ் பேசுவோம், ரேஷன் கடை கேரளத்தில், துணி எடுக்கப் போவது கோவைக்கு. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிப் பாதை. பக்கத்துத் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் விடுகிறவரின் மாமனார் வீடு அந்தப் பக்கம், அவருடைய நிலம் இந்தப் பக்கம். அப்படி வளர்ந்த பையனுக்கு, எல்லை ஊரில் பிறந்த ஒரு நாயகன் கடைசியில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்லையைக் கடக்கிறான் என்றால் எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, மூடி வைத்துவிட்டு, வெளியே போய் நின்றேன். அது நினைவிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் அந்தப் பக்கம் போவது வெறும் வெற்றிப் பரிசு கிடையாது. அங்கே இன்னும் எட்டு ஜிம், பழைய ஆட்டத்தின் மனிதர்கள், மூன்று வருஷம் கழிந்த கான்டோ. எரிமலை வெடித்து ஒரு தீவு ஊரே அழிந்திருக்கும். அந்த ஊர் ஜிம் தலைவர் பிளெய்ன் வேறு தீவின் குகையில் ஜிம் நடத்துவார். அந்தப் பக்கத்து ரேடியோ அலைவரிசை பிடிக்கத் தனி அட்டை வாங்கிப் போட வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோவில் கோவையும் திருச்சூரும் மாறி மாறிக் கேட்ட காலம் அது. அதனால் இந்தச் சின்ன விஷயத்தைக் கூட நான் விடமாட்டேன், பார்க்கிற எல்லோருக்கும் சொல்வேன். ஒலிவைன் துறைமுகத்திலிருந்து கப்பல் போகும். பின்னால் கோல்டன்ராட் நகரத்திலிருந்து ரயிலும் ஓடும். போகலாம், வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

பழைய ஆட்டத்தில் கான்டோவை நுழைத்தது சதோரு இவாட்டாதான் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பின்னாளில் நிண்டெண்டோ தலைவரான இவாட்டா அப்போது ஹால் லேபரட்டரி என்ற ஆட்ட நிறுவனத்தில் இருந்தார். கோல்ட், சில்வருக்காகப் படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு கருவியை அவர் எழுதிக் கொடுத்தார். ஆட்டம் முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுருக்கி, மிச்ச இடத்தில் கான்டோவையே வைத்துக் கொடுத்தார் என்பது அந்த உண்மைக்குப் பின்னால் வளர்ந்த கதை. அவர் செய்த வேலையே பெரிய வேலை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

ரீமேக்கில் எது நன்றாகியிருக்கிறது, எது கெட்டிருக்கிறது?

நன்றானதில் முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் அணியின் முதல் போக்கிமான் உங்கள் பின்னாலேயே நடந்து வருவது. 1998-ல் வந்த யெல்லோ ஆட்டத்தில் பிக்காச்சு மட்டும் அப்படி வரும். இங்கே அந்தக் காலத்தில் இருந்த 493-ம் வரும். திரும்பி நின்று அதனிடம் பேசினால் அந்த இடத்துக்கு ஏற்றபடி ஏதாவது செய்யும். உருவத்தில் மிகப் பெரியவை சில கட்டிடங்களுக்குள் வராது.

நான் மரீப் என்ற செம்மறியைப் பிடித்தேன். 32-ஆம் சாலையில் ஆரம்பத்திலேயே கிடைக்கும். எங்கள் அம்மாயி (அமுச்சி என்போம்) செம்மறி வளர்த்தவர். சாயங்காலம் கொட்டிலுக்குத் திரும்பும்போது ஒரு குட்டி மட்டும் அவர் காலடியிலேயே வரும். அவர் நின்றால் நிற்கும். திரையில் இந்த மரீப் பின்னால் வருவதைப் பார்த்து அக்கா, "அமுச்சி குட்டி மாதிரியே வருது பாரு" என்றாள். நான் சொல்லாமலே. அந்த மரீப் 30-ஆவது நிலையில் (லெவலில்) ஆம்ஃபரோஸ் ஆகும்வரை அணியில் முதல் இடத்தை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. அந்தச் செம்மறியின் கடைசி வடிவமான ஆம்ஃபரோஸ்தான் ஒலிவைன் கலங்கரை விளக்கத்தில் நோயாகப் படுத்திருக்கும். அதற்கு மருந்து வாங்கக் கடல் தாண்டிப் போக வேண்டும். மரீப் வளர்த்துக்கொண்டு அந்தக் கட்டத்துக்குப் போனால் அது வேறு மாதிரி இருக்கும். செய்து பாருங்கள்.

அப்புறம், இடப் பற்றாக்குறையால் பழைய ஆட்டத்தில் வெட்டப்பட்ட கான்டோ பகுதிகளை மீட்டிருக்கிறார்கள். விரிடியன் காடு திரும்ப வந்திருக்கிறது. கோல்ட், சில்வரில் அது வெறும் பாதையாகச் சுருங்கிப் போயிருந்தது. கீழ்த் திரையைத் தொட்டு மெனு திறக்கலாம், ஓட்டத்தையும் அங்கேயே ஒரு தொடலில் போட்டுவிடலாம். கடைசிக் கட்டத்தில் ஒரு பொருள் கிடைக்கும். அதைப் போட்டால் எல்லாப் பாட்டும் மூல ஆட்டம் ஓடிய பழைய கேம் பாய் கருவியின் சத்தத்திலேயே ஒலிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நியூ பார்க் ஊரின் இசை மட்டும் எனக்குப் பழைய சத்தத்தில்தான் பிடிக்கிறது.

கெட்டது என்று நான் சொல்வது கோல்டன்ராட் சூதாட்டக் கூடத்தைத்தான். ஜப்பானுக்கு வெளியே வந்த பதிப்புகளில் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டு, அட்டை திருப்பும் ஒரு புதிர் வைத்தார்கள். குழந்தைகள் ஆட்டத்தில் சூது வேண்டாம் என்பது நல்ல முடிவு. ஆனால் இந்தப் புதிர் பொறுமையைத் தின்கிறது.

ஹார்ட்கோல்டா, சோல்சில்வரா?

கதை ஒன்றுதான். ஹார்ட்கோல்டில் ஹோ-ஓ என்ற அரிய போக்கிமான் முதலில் வரும், மற்றதில் லூஜியா. க்ரோலித் பிடிக்க ஹார்ட்கோல்ட், வல்பிக்ஸ் பிடிக்க சோல்சில்வர். கையில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

ஆரம்பத்தில் தரும் மூன்று போக்கிமான்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல்முறை என்றால் சிண்டாகுவில் அல்லது டோட்டடைல். சிக்கொரீட்டா பார்க்க அழகு. ஆனால் முதல் ஜிம் பறவைகள், இரண்டாவது பூச்சிகள், நான்காவது விஷம் கலந்த பேய்கள். சிக்கொரீட்டா இலைவகை, அதற்கு மூன்றுமே ஆகாது. என் அக்கா மகள் சிக்கொரீட்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அதோடு அந்த மூன்றையும் தாண்டினாள். நான் அவளைத் தடுக்கவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

மூன்றாவது ஜிம்மில் விட்னியின் மாட்டை எப்படித் தோற்கடிப்பது?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மில்டேங்க் என்ற அந்தப் பசு உருண்டு உருண்டு அடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அடி இரட்டிப்பாகும். உயிர் குறைந்தால் பால் குடித்து ஏறிக்கொள்ளும். ஆண் போக்கிமான் என்றால் மயக்கி வைத்துவிடும், பாதி நேரம் அடிக்கவே முடியாது.

கோல்டன்ராட் பல்பொருள் அங்காடியில் ஒருவர் டிரவுசியை வாங்கிக்கொண்டு மச்சாப் தருவார். டிரவுசி அந்த ஊருக்குத் தெற்கே புல்லில் கிடைக்கும். மச்சாப் சண்டை வகை என்பதால் மில்டேங்குக்கு அதன் அடி இரண்டு மடங்கு. கூட ஒரு ஜியோடூட் இருக்கட்டும். பாறையும் மண்ணும் கலந்த வகை, அதனால் உருளும் அடியும் மிதிக்கும் அடியும் அதன்மேல் பாதிதான் விழும். கூடுமானால் பெண் போக்கிமான்களைக் கொண்டு போங்கள், மயக்கம் வேலை செய்யாது. பழைய ஆட்டத்தில் பேய் வகையை இறக்கி மிதியைத் தவிர்த்தவர்கள் இங்கே அதை நம்ப வேண்டாம். ரீமேக்கில் அந்தப் பசுவுக்கு ஸ்கிராப்பி என்ற திறன் உண்டு, பேயையும் மிதிக்கும்.

அக்கா மகள் ஐந்து முறை தோற்றாள். ஆறாவது முறை ஜெயித்தபோது விட்னி அழுவாள், வெற்றிச் சின்னமான பேட்ஜைத் தரமாட்டாள். பயப்படாதீர்கள், கொஞ்சம் நகர்ந்துவிட்டுத் திரும்பப் பேசினால் கொடுப்பாள்.

இரவில் ஒன்று, பகலில் ஒன்று என்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் எப்படி விளையாடுவது?

கோல்ட், சில்வர் கொண்டுவந்த பெரிய புதுமையே உண்மைக் கடிகாரம். வெளியே இருட்டினால் உள்ளேயும் இருட்டும். ஹூட்ஹூட் ஆந்தை இரவில்தான் வரும். தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி. யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ரஸ் வெள்ளிக்கிழமை மட்டும் தென்படும். வேலைக்குப் போகிறவர்களுக்கு சனிக்கிழமைப் போட்டி போதும்.

அவசரப்பட்டு டிஎஸ் கடிகாரத்தை மாற்றி வைக்காதீர்கள். நாள்தோறும் நடக்கிறவை ஒரு நாளைக்கு அப்படியே நின்றுபோகும். நாங்கள் லாப்ரஸுக்காக மூன்று வெள்ளிக்கிழமை காத்திருந்தோம். இரண்டு முறை அவளுக்குப் பரீட்சை, ஒரு முறை எனக்கு இரவு ஷிப்ட். நாலாவது வெள்ளிக்கிழமை கிடைத்தது. அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் நான் ஆட்டம் என்கிறேன்.

எட்டு பேட்ஜ் முடிந்தபின் திடீரென்று கடினமாகிறதே?

ஆமாம், இதுதான் மூல ஆட்டத்தின் குறை. ரீமேக்கும் அதைத் தீர்க்கவில்லை. எட்டாவது ஜிம் தலைவி கிளேரின் பலமான போக்கிமான் 41-ஆவது நிலை. சாம்பியன் லான்ஸுக்கு 50. கடைசியில் சில்வர் மலையில் நிற்கும் ரெட் என்ற பையனின் பிக்காச்சு 88. நடுவில் காட்டில் கிடைப்பவை அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அதனால் ஆறு பேரை ஒரே சீராக வளர்ப்பது சிரமம். முதல் நாளிலிருந்தே நாலு பேரை மட்டும் வளர்த்தால் லான்ஸ்வரை போகலாம். அதற்கு மேல் போக, ஜிம் தலைவர்களைக் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் சந்தித்து போன் எண் வாங்குங்கள். பிறகு சாஃப்ரான் நகர சண்டைப் பயிற்சிக் கூடத்தில் அவர்களோடு மறுபடி மோதலாம். லான்ஸ் முதலான பெரிய தலைகளோடு மறுபடி மோதுவதும் நல்ல அனுபவம் தரும்.

போக்கிவாக்கர் என்றால் என்ன? இல்லாமல் விளையாட முடியுமா?

ஆட்டத்தோடு பெட்டியில் வந்த சின்ன நடைமானி. ஒரு போக்கிமானை அதில் ஏற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் 20 காலடிக்கு ஒரு வாட் (புள்ளி மாதிரி) சேரும். அந்த வாட்டைச் செலவழித்து வேறு போக்கிமானும் பொருளும் பிடிக்கலாம். ஏற்றிய போக்கிமான் ஒரு நடைக்கு ஒரு நிலைதான் உயரும், எவ்வளவு நடந்தாலும். பேட்டரி சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

இல்லாமலும் தாராளமாக விளையாடலாம். இருந்தால் சந்தோஷம். எங்கள் அம்மா காலையில் வாய்க்கால் கரையில் நடக்கப் போவார். இரண்டு மாதம் அதை அவர் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், "இன்னைக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று அக்கா மகளைக் கேட்பார்.

பழைய ஆட்ட அட்டை (கார்ட்ரிட்ஜ்) வாங்கலாமா? போலி எது என்று எப்படித் தெரியும்?

கவனமாக வாங்குங்கள். நான் ஏமாந்தவன். என் முதல் அட்டை தொலைந்தபின் கோவையில் ஒரு கடையில் பெட்டி, புத்தகம் எல்லாம் சேர்த்து வாங்கினேன். லான்ஸை ஜெயித்துச் சேமித்த இடத்தில் எல்லாம் அழிந்தது. கடைக்காரர் மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்.

அசல் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் அட்டை மற்ற டிஎஸ் அட்டைகள் மாதிரி சாம்பல் நிறம் இல்லை, கறுப்பு. போக்கிவாக்கரோடு பேச அகச்சிவப்பு ஒளி வேண்டும் என்பதால் அதன் உறையே அப்படி. பலமான வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே லேசாகத் தெரியும். அழுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். போக்கிவாக்கர் இணைப்பு வேலை செய்கிறதா என்று கடையிலேயே சோதிப்பது இன்னும் நல்லது.

1999-ன் கோல்ட், சில்வர் அட்டை யாரிடமாவது இருந்தால் அதைத் தனியாக யோசிக்க வேண்டும். அதில் கடிகாரமும் சேமிப்பும் உள்ளே இருக்கும் ஒரு பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீர்ந்தால் சேமித்தது போய்விடும். ரீமேக் அட்டைக்கு அந்தக் கவலை கிடையாது.

இப்போது புதிதாகக் கடையில் கிடைக்காதா? இணையத்தில் மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளலாமா?

டிஎஸ்ஸின் இணையச் சேவையை நிண்டெண்டோ 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. பக்கத்தில் இன்னொரு டிஎஸ் இருந்தால் கம்பியில்லாமல் மாற்றலாம், அவ்வளவுதான். மூல கோல்டும் சில்வரும் 2017-ல் 3டிஎஸ்ஸில் பதிவிறக்கத்துக்கு வந்தன. அந்த இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது.

பிள்ளைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. புரியுமா?

தமிழில் இல்லை. நிறைய எழுத்தைப் படித்தாக வேண்டிய ஆட்டம். நான் ஆங்கிலம் கூட்டிப் படித்ததே இதில்தான். அந்தப் பசு உருண்டு அடிக்கிறதே, 'ரோல்அவுட்', அது என்ன என்று அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலோ மலையாளத்திலோ சொல்லிக்கொடுங்கள். பிறகு அவர்களே போவார்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஆட்டத்தில் வரும் அம்மா, ஜெயித்த பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்பார். சரி என்றால் அவரே சில சமயம் அந்தப் பணத்தில் ஏதாவது வாங்கிவைத்துவிட்டுப் போன் பண்ணுவார். பணம் காணோம் என்று பிள்ளைகள் பதறுவார்கள்.

"மாமா, ரெட் ஏன் பேசவே மாட்டேங்கிறான்?"

இது அக்கா மகள் கேட்டது. ரெட் யாரென்றால், 1996 ஆட்டத்தில் நாம் நடத்திப்போன அதே பையன். இந்த ஆட்டங்களில் நாயகன் வாய் திறப்பதில்லை. மூன்று வருஷம் கழித்து அவனை மலை உச்சியில் எதிராளியாகச் சந்திக்கும்போதும் வெறும் மூன்று புள்ளிகள்தான் வரும். பிறகு சண்டை. அவன் அணியில் பிக்காச்சுவும், ஸ்நார்லாக்ஸும், முதல் ஆட்டத்தில் ஆரம்பத்தில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்த மூன்றின் கடைசி வடிவங்களும் இருக்கும். தோற்றபின் அதே புள்ளிகளோடு மறைந்துபோவான்.

அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். எங்கள் ஆம்ஃபரோஸ் அப்போது 71-ல் நின்றது, பத்தாது. மலையிலிருந்து இறங்கி, பறந்து நியூ பார்க்குக்குப் போய், அம்மாவிடம் சேர்த்து வைத்த பணத்தைக் கேட்டு வாங்கினாள். பிறகு கதவைத் திறந்து கிழக்கே தண்ணீரில் இறங்கினாள். பறந்தே கான்டோ பக்கம் போயிருக்கலாமே என்றேன். ஆம்ஃபரோஸ் பார்க்கட்டும் என்றாள்.